ஆடியில் விழுந்த தேதி

முதன்முதலாக ஒரு தேதி தானாக வந்து கம்ப்யூட்டர் கட்டத்துக்குள் உட்கார்ந்த அன்று நான் போட்ட சத்தத்தில், உள்ளே ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றாமலே வெளியே ஓடி வந்துவிட்டார்.

"என்னாச்சு? பாம்பு வந்துருச்சா?"

"தேதிங்க டாக்டர்! தேதி தானா வருதுங்க!"

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஏதாச்சும் மருந்து எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே முன்மேசை என்னுடையது. டோக்கன் கொடுப்பது, பதிவு எழுதுவது, போனை எடுப்பது, சண்டை வந்தால் விலக்குவது, சண்டை வராவிட்டால் சில நாள் நானே ஆரம்பிப்பது எல்லாம் என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று டாக்டரம்மா சொல்வார். அவருக்கு மட்டும் குறைச்சலா என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிரசவத் தேதி கண்டுபிடிக்க டாக்டரம்மாவின் மேசை இழுப்பறையில் ஓர் அட்டைச் சக்கரம் உண்டு. உள்சக்கரத்தைச் சுற்றி, கடைசி மாதவிலக்குத் தேதியில் அம்புக்குறியை வைத்தால், மறுபக்கம் பிரசவத் தேதி தெரியும். பழைய சக்கரம். நடுவில் இருந்த ஆணி தொளதொளத்துப் போய், கை கொஞ்சம் அசைந்தால் குழந்தை இரண்டு நாள் முன்னே பின்னே பிறக்கும். எனக்கு அந்தச் சக்கரத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டரோடு வந்த டேட்டாபேஸ் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு கட்டத்தில் நாம் தேதியை எழுதினால், பக்கத்துக் கட்டம் அதைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஃபார்முலா போட்டபோது தேதி வரவில்லை, எண் வந்தது. நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம்! ஒரு பெண்ணுக்குப் பிரசவம் எப்போது என்று கேட்டால் நாற்பத்தைந்தாயிரம் என்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு மௌஸைப் பிடுங்கி எறியாத குறை. பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே தேதி என்று ஒன்றே கிடையாது. எப்போதோ ஒரு நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அதோடு இருநூற்றெண்பதைக் கூட்ட முடிகிறது. கூட்டி வந்த எண்ணைத் தேதியாகக் காட்டு என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். எண் மறைந்தது, தேதி வந்து உட்கார்ந்தது. அப்போது போட்ட சத்தம்தான் அது.

சும்மா சொல்லக்கூடாது, அடுத்த வாரமே மூக்கு உடைந்தது. ஜூன் ஐந்தாம் தேதி என்று ஒருத்தி சொன்னதை ஐந்து, கோடு, ஆறு என்று அடித்தேன். நம் ஊரில் நாள் முன்னே, மாதம் பின்னே. அந்த மகராசி கம்ப்யூட்டருக்கோ மாதம் முன்னே. மே ஆறு என்று எடுத்துக்கொண்டு, பிரசவத்தை ஒரு மாதம் முன்னால் தள்ளிவிட்டது. நல்லவேளை, டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "உன்ர கம்ப்யூட்டரு ஆத்தர அவசரமாப் புள்ள பெக்கச் சொல்லுது பாரு" என்று பேஷன்ட் முன்னால் மானத்தை வாங்கினார். அன்று சாயங்காலமே எல்லாத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் வரும்படி மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தேதியை அடித்தால், அது சரியாக விழுந்ததா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் நகரமாட்டேன்.

கம்ப்யூட்டர் கணக்கையாவது திருத்திவிடலாம், வருகிற பெண்களிடம் தேதியை வாங்குவது அதைவிடப் பெரிய வேலை. "மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டதுக்கு மறுநாளுங்க" என்பார் ஒருத்தர். "மாட்டுச் சந்தைக்கு இவிய போன அன்னிக்குங்க" என்பார் இன்னொருத்தர். எந்த வாரச் சந்தை என்று கேட்டால், செவலைக் காளை வாங்கிய சந்தை என்பார். இதற்காகவே மேசைக்குப் பின்னால் சுவரில் தமிழ் மாதமும் பண்டிகை நோம்பிகளும் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். தாளைத் திருப்பித் திருப்பி, அமாவாசையைப் பிடித்து, நோம்பியைப் பிடித்து, ஒரு வழியாகத் தேதிக்கு வந்து சேருவோம்.

ஒரு கட்டம் வேலை செய்ததும் கை சும்மா இருக்குமா? ஸ்கேன் எடுக்க வேண்டிய தேதிக்கு ஒரு கட்டம். ஊசி போடும் தேதிக்கு ஒரு கட்டம். பிறந்த தேதியைப் போட்டால் வயது தானாக வர ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. அப்புறமும் அடங்காமல், மாதவிலக்குத் தேதியோடு பதினான்கைக் கூட்டி, 'கரு உண்டான உத்தேச நாள்' என்று ஒரு கட்டம். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். "இருந்துட்டுப் போகட்டுங்க டாக்டர், அழகா இருக்குதுல்ல?" என்றேன். இப்போது அந்தக் கட்டம் சீட்டில் அச்சாவதில்லை. டாக்டரம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

புரட்டாசியில் ஒரு காலை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியாருக்கு ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட சேலை, கையில் டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு பை இளநீர். மருமகள் பெருந்துறைப் பக்கத்துப் பெண், வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தாலிச் சரட்டில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. மாப்பிள்ளை இவர்களை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் பிள்ளை பெற்றுவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"கடைசிப் பீரியட்ஸ் எப்பக் கண்ணு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஜூலை இருபத்தி மூணுங்க. போன்லயே குறிச்சு வெச்சிருக்கேனுங்க." போனை நீட்டிக் காட்டினாள். காலண்டரைத் திருப்புகிற வேலையே இல்லை. இப்படிப் பத்துப் பேர் வந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! அவள் பிறந்த தேதி, கணவன் பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று சொன்னாள். கணவனுக்கு ஜூன் ஒன்று. அடித்தேன். கட்டங்கள் எல்லாம் வரிசையாக நிரம்பின. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குஷி, முதல் நாள் மாதிரியே. சீட்டை அச்சடித்து மாமியார் கையில் கொடுத்தேன்.

அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் உதடு நின்றுவிட்டது. மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு எழுந்து, என் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர்க் காலண்டரின் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

என்ன பார்க்கிறார் என்று நான் என் திரையைப் பார்த்தேன். 'கரு உண்டான உத்தேச நாள்: ஆகஸ்டு 6.' அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகஸ்டு ஆறு ஆடி மாதம்!

புதுப்பெண்ணை ஆடி பிறப்பதற்கு முன்பே தாய்வீட்டார் வந்து கூட்டிப் போய்விடுவார்கள். ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளை வந்து விருந்து சாப்பிட்டுவிட்டு, தனியாகத் திரும்பிவிட வேண்டும். ஆவணி பிறந்துதான் பெண் புகுந்த வீட்டுக்கு வருவாள். இங்கே எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் உண்டு. இந்தப் பெண் ஆடி முழுக்கப் பெருந்துறையில் இருந்திருக்கிறாள். கணவன் பொள்ளாச்சியில். நடுவில் நான் சும்மா அழகுக்குப் போட்ட ஒரு கட்டம், ஆகஸ்டு ஆறில் கரு உண்டானது என்று மாமியார் கையில் எழுதிக் கொடுத்துவிட்டது.

மருமகளின் முகம் வெளுத்திருந்தது. அவளும் அந்த வரியைப் பார்த்துவிட்டாள். "அத்தை..." என்று எழுந்தாள். மாமியார் திரும்பாமலே, உட்கார் என்று கையைக் காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, உங்க கம்ப்யூட்டரு கணக்கெல்லாம் சரியாப் போடுமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

கடவுளே, தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை நாள் பெருமை அடித்த கணக்கு, அது தப்பாக இருக்க வேண்டும் என்று நானே வேண்டுகிறேன்! நாளும் மாதமும் இடம் மாறியிருக்குமோ என்று பார்த்தேன். மாறவில்லை. இருபத்து மூன்றாம் மாதம் என்று ஒன்று இருந்தால்தானே மாறுவதற்கு? ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன். பதினான்கு பதினான்காகத்தான் இருந்தது. ஒரே ஒரு வழி பாக்கி. சில பெண்களுக்கு மாதவிலக்கு நாள் தள்ளித் தள்ளி வரும். அவர்களுக்குக் கரு உண்டாகிற நாளும் தள்ளிப் போகும். அப்படி இருந்தால் ஆடியைத் தாண்டி ஆவணிக்குப் போய்விடலாம்.

"உனக்கு மாசா மாசம் சரியா வருமா கண்ணு? இல்ல, பத்து நாள், பதினஞ்சு நாள் தள்ளிப் போகுமா?" தள்ளிப் போகும் என்று சொல்லடி, சொல்லித் தொலையடி என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்லீங்க. எனக்குத் தப்பவே தப்பாதுங்க" என்றாள் அந்த வெகுளி.

நாசமாய்ப் போச்சு.

மாமியார் என் பக்கம் வந்தார். "அப்ப இந்தத் தேதிய மட்டும் மாத்திப் போட்டுக் குடுத்துருங்க அம்மணி."

"மாத்த முடியாதுங்க்கா." திரையை அவர் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து ஏதோ ஓர் எண்ணைத் தட்டிக் காட்டினேன். கம்ப்யூட்டர் 'டொங்' என்று முறைத்ததே தவிர, தேதி அசையவில்லை. "இது நாம எழுதற கட்டம் இல்லீங்க. மேல இருக்கற தேதியப் பாத்து அதுவாப் போட்டுக்கும்."

"அப்ப மேல இருக்கறதைய மாத்துங்க. எல்லாம் நீங்க அடிச்சதுதானுங்களே."

அந்தப் பெண் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பார்த்தேன். என் கோபம் கிளம்பிவிட்டது. கிளம்பினால் நிற்காது.

"ஏனுங்க்கா, வயித்துல புள்ளையோட உக்காந்து அழுதுட்டு இருக்கறா, உங்களுக்குத் தேதிதான் பெருசாப் போச்சுங்களா? ஆடின்னா என்னங்க, சட்டமா போட்டு வெச்சிருக்குது? உங்க பையன் வரட்டும். அவரைய ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்குள்ளார இந்தப் புள்ளையைச் சந்தேகப்பட்டீங்கன்னா நான் பாத்துட்டுச் சும்மா இருக்க மாட்டேனுங்க!"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நான் என்ன உளறுகிறேன் என்று புரியாத பார்வை.

"சந்தேகமா? ஆரு சந்தேகப்பட்டா?" என்றார். "அம்மணி, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? எங்களுக்குத் தேங்கா நார் மில்லு இருக்குதுங்க. ஆடி பூராவும் இவன் வாரா வாரம் பெருந்துறைக்கு மிசின் பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு கார எடுத்துட்டுப் போனான். நல்லா ஓடிட்டு இருக்கற மிசினுக்கு எதுக்குடா பார்ட்ஸுன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலீங்களே. மிசின் பார்ட்ஸ் வாங்கப் போறவன் மல்லிப்பூ எதுக்குங்க வாங்கிட்டுப் போறான்?"

முதலில் யாரோ ஒருத்தர் 'களுக்' என்றார். பிறகு வரிசையே சிரித்தது. "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமுங்க, மாப்பிள்ளை பறக்க மாட்டாருங்களா?" என்றார் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. அந்தப் பெண் இப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலுக்கு நடுவே கன்னமெல்லாம் சிவந்து தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாது. எனக்கு ஓடிப்போய் அந்த மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் சண்டைக்குக் கிளப்பிய வாயை எப்படி மூடுவது என்றும் தெரியவில்லை.

"பின்னே எதுக்குங்க்கா தேதிய மாத்தச் சொன்னீங்க?" என்றேன்.

அவர் சுவர்க் காலண்டரைக் காட்டினார். ஆகஸ்டுத் தாளைத்தான் பார்த்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. அவர் திருப்பி வைத்திருந்தது ஏப்ரல் தாள். சீட்டில் கடைசி வரியாக இருந்த பிரசவத் தேதி, ஏப்ரல் 29, தமிழுக்கு எந்த மாதம் என்றுதான் பார்த்திருக்கிறார்.

"சித்திரை பதினாறுங்க" என்றார். "அதுக்குத்தான்."

நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவெல்லாம் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படியேதான் சொன்னார்.

"என்ர பையனும் சித்திரையில பொறந்தவந்தானுங்க. நானும் ஆடிக்கு எங்கூட்டுல இருந்தவதான். பக்கத்து ஊரு. இவங்கப்பனுக்கு அப்ப மிசினெல்லாம் இல்ல. எருமையக் காணோம், தேடி வந்தேன்னு வந்து நிப்பாருங்க. எருமை கட்டுத்தறியில நல்லாத் தின்னுட்டு நிக்கும்." இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே போய்விட்டது. "பையன் பொறந்த வருசம் தேங்காயெல்லாம் சொறி புடிச்சுச் சிறுத்துப்போச்சு. வாங்கறதுக்கு ஆளில்ல. எங்க நாத்தனா, ஒரம்பரை சொந்தம் அத்தன பேரு முன்னால, 'சித்திரையில புள்ள பொறந்தா அப்பன் தெருவிலேன்னு சும்மாவா சொன்னாங்க, என்ர அண்ணன இவ தெருவுல உட்டுப்போட்டா'ன்னு சொன்னா. அவ ஆரம்பிச்சா, அப்பறம் ஆளாளுக்குப் புடிச்சுக்கிட்டாங்க. பையனைய இடுப்புல வெச்சுட்டு ஒரு விசேசத்துக்குப் போக முடியாதுங்க. ஏனுங்க அம்மணி, சுத்துப்பட்டுல அத்தன தோப்புலயுந்தான் தேங்கா சிறுத்துச்சு. அத்தனைக்கும் என்ர புள்ள ஒருத்தனா காரணம்? பச்ச மண்ணுங்க அது!"

மருமகள் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப எங்க மாமனாரு பொறந்த தேதிய வைகாசிக்கு மாத்தி எழுதி உட்டாரு. அதுக்குப் பொறவு மெல்ல மெல்ல வாய மூடுனாங்க. என்ர பையனுக்கே இது தெரியாதுங்க. அதனாலதான் கேட்டேன். ஒரு இருவது நாள் தள்ளிப் போட்டீங்கன்னா வைகாசி ஆயிருமுங்களே. நான் கேட்ட பேச்ச இவ கேக்கக் கூடாதுங்க."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிடம் அவர் என் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் தேதியைக் கொடுக்க முடியாது. அந்தப் பெண்ணின் வரிசையில் இருக்கிற எல்லாக் கட்டமும் ஜூலை இருபத்து மூன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதை நகர்த்தினால் ஸ்கேன் நகரும், ஊசி நகரும், பிரசவம் நகரும். குழந்தை மட்டும் நகராது.

"அக்கா, நான் தள்ளிப் போட்டுட்டேன்னு வெச்சுக்குங்க. புள்ள அது நாளுக்குத் தயாராயிருக்கும். நாங்க சீட்டப் பாத்துட்டு, இன்னும் இருவது நாள் கெடக்குதுன்னு சும்மா உக்காந்திருப்போமுங்க. யாருக்கு ஆபத்து, சொல்லுங்க?"

அவர் வாயில் கையை வைத்தார். "அய்யோ சாமி! வேண்டாமுங்க. வேண்டவே வேண்டாம்."

இந்தக் களேபரத்தைக் கேட்டு டாக்டரம்மா எப்போது கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார் என்று தெரியவில்லை. "சித்திரை வேண்டாம்னு பெரியவங்க சொன்னது வெயிலுக்குப் பயந்துங்க. பச்சப் புள்ளையும் பெத்தவளும் அந்த வெக்கையில தவிக்கக் கூடாதுன்னு. இங்க ஏசி இருக்குது, நான் இருக்கேன். தைரியமா இருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த அழகான கட்டத்தை இன்னிக்கே சீட்டுலருந்து எடுத்துரு" என்றார். கேட்டதும் தலையை ஆட்டினேன். நான் எதிர்த்துப் பேசாத நாட்களில் அது ஒன்று.

அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தான். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "எங்கயும் எடமே இல்லீங்க. கோயிலுக்குப் பின்னால கொண்டுபோய் நிறுத்திட்டு நடந்து வாரேன்" என்றான். வரிசை மொத்தமும் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் தன் சட்டையைப் பார்த்தான், பேன்ட்டைப் பார்த்தான், ஒன்றும் புரியவில்லை.

"வாடா கண்ணு" என்றார் அவன் அம்மா. "ஆடியில பெருந்துறைக்கு நடையா நடந்தியே, அந்த மிசின் பார்ட்ஸு சித்திரையில வருதாமா."

அடேயப்பா, அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை! முதலில் சந்தோஷம், அடுத்த நொடி மாட்டிக்கொண்ட திருட்டு முழி, அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒரு சிரிப்பு. மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டே அவன் கையைக் கிள்ளினாள். டாக்டரம்மாவே சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அடங்கிய பிறகு மாமியார் மறுபடி என் மேசைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். 'கணவர் பிறந்த தேதி: ஜூன் 1.'

"இதுவும் தானா வாரதுங்களா?"

"இல்லீங்க்கா. இது நாம எழுதறது. உங்க மருமக சொன்னா, நான் அடிச்சேன்."

"அப்ப இதைய மாத்தலாமுங்களா?"

"மாத்தலாமுங்க."

"மே மூணுன்னு போடுங்க. சித்திரை இருவது."

மகன் திகைத்துப்போய்விட்டான். "அம்மா! எனக்கு ஜூன் ஒண்ணுதான? வருசா வருசம் அன்னிக்குத்தான கேக்கு வெட்டறோம்?"

"வெட்டுன கேக்கு வெட்டுனதாவே இருக்கட்டும். ஆதாருல இருக்கறது ஆதாருல இருக்கட்டும்" என்றார். "நான் பெத்த அன்னிக்கு எனக்குத் தெரியாதா? இங்க நெசத்தப் போடுங்க அம்மணி."

ஜூன் ஒன்றை அழித்தேன். மே மூன்று என்று அடித்தேன். வழக்கம் போல ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு என்டரைத் தட்டினேன். அவர் குனிந்து, மூக்கு திரையில் படுகிற மாதிரி கிட்டே போய், என்ன நடக்கப் போகிறதோ என்று பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தினார். கணவன் வயது, அதே வயது. மனைவி வயது, அப்படியே. ஸ்கேன் தேதி, அப்படியே. பிரசவத் தேதி, அப்படியே.

"ஒண்ணும் ஆகலீங்களே?" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுங்க்கா."

"ஒண்ணுமே ஆகல" என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, சேலையை இழுத்துச் செருகி, இத்தனை வருடமாகக் காத்திருந்தவர் போல அவசரப்படுத்தினார். "அதையும் போட்டு ரெண்டு காப்பி குடுங்க. ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு எங்க நாத்தனா ஊட்டுக்கு. நானே கொண்டுபோய்க் குடுக்கோணும்."

பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு கட்டு எடுத்து வந்தேன்.